இரண்டாம் ஓலை

பாபு ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே உள்ளே வந்தார். ஜோஸ்லினின் அக்கா கணவர் அவர். வழக்கமாக வந்ததும் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "இன்னா அத்தை, வாசனை தெருமுனை வரைக்கும் தூக்குது" என்பார். அன்று நேராக மாமனார் முன்னால் போய் நின்று செல்போனை நீட்டினார். மரியஜோசப் கம்பெனி பஸ் ஓட்டிவிட்டு வந்து காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி இல்லாமல் அவரால் படிக்க முடியாது என்று பாபுவுக்குத் தெரியும். இருந்தும் நீட்டினார். வாயால் சொல்வதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போட அது உதவியது.

"டெனிசனுக்கு பாலிசி குடுக்க முடியாதுன்ட்டான் மாமா."

முதல் ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஜோஸ்லினுக்கு முதலில் அது பெரிய விஷயமாகவே படவில்லை. பாலிசி என்பது பாபு மாமாவின் யோசனை. அவர் மருத்துவக் காப்பீட்டு ஏஜென்ட். அவளுக்கு நிச்சயம் செய்திருந்த டெனிசன் ஒரகடத்தில் டயர் கம்பெனியில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன், வேலை கான்ட்ராக்ட்தான். கம்பெனி கொடுத்த மருத்துவ கார்டு வேலை இருக்கும் வரைக்கும்தான். அதனால் கல்யாணத்துக்கு முன்பே டெனிசன் பேரில் தனியாக ஒன்று எடுத்துவிட்டால் பிறகு ஜோஸ்லினையும், பிள்ளை பிறந்தால் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நிச்சயதார்த்தத்தன்றே அவர் சொல்லியிருந்தார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லேபுக்கு அனுப்பி ரத்தம் எடுத்தார்கள், ஓடும் பெல்ட்டில் நடக்க வைத்தார்கள், இசிஜி எடுத்தார்கள். எல்லாம் நார்மல். அந்த இசிஜி காகிதத்தைப் படம் எடுத்து டெனிசன் அவளுக்கு அனுப்பியிருந்தான். 'கோடு கோடா என்ன எழுதிருக்கு தெரியுதா? உன் பேருதான்' என்று கீழே ஒரு வரி. லாக்கர் அறையில் அதைப் படித்துவிட்டு அவள் தனியாகச் சிரித்திருந்தாள்.

"டெஸ்டு எல்லாம் நல்லாத்தான வந்துச்சு?" என்றார் மரியஜோசப்.

"டெஸ்டுல ஒண்ணும் இல்ல மாமா. குடும்பத்துலதான். போன்ல டாக்டர் கேக்கச்சொல்ல இவரு உள்ளதச் சொல்லிட்டாரு. அப்பா சின்ன வயசுல ஹார்ட்டுல போயிட்டாரு, அண்ணனும் அப்படியேன்னு. அந்த மாதிரி குடும்பத்து ஆளுங்க கணக்கு கம்பெனியாண்ட கீது. எத்தினி பேருக்கு எந்த வயசுல இன்னா ஆவும்னு. அதுல இவரு மாட்டிக்கினாரு."

ஜோஸ்லினின் அம்மா சகாயமேரி சமையலறை வாசலில் வந்து நின்றாள். யாருக்கும் இது புதுச் செய்தி இல்லை. பெண் கேட்டு வந்தபோதே டெனிசனின் அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். நாற்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில் கணவர் போனதை, அதன்பின் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய மூத்த மகன் வின்சென்ட் முப்பத்தைந்து முடியும் முன் இருங்காட்டுக்கோட்டை வாடகை அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்ததை. சகாயமேரி அன்றைக்கு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு சாவுகளும் அன்று இரண்டு துக்கங்களாகத்தான் இருந்தன. இரண்டையும் கூட்டி மூன்றாவதாக ஒருவனின் பேரை எழுத யாருக்கும் தோன்றவில்லை. இப்போது முகம் தெரியாத எவனோ கூட்டிவிட்டான்.

மரியஜோசப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "அந்தத் தம்பிக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

ஜோஸ்லின் நிமிர்ந்து பார்த்தாள். காலையில்கூட அப்பா 'மாப்ள' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் கோயிலில் முதல் ஓலை படித்திருந்தார்கள். பூசை முடிவில் ஃபாதர் மணமக்களின் பேரையும் பெற்றோர் பேரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று முடிப்பார். மூன்று ஞாயிறு இப்படிப் படித்த பிறகுதான் கல்யாணம். இரண்டாவது ஓலை வரும் ஞாயிறு.

"ஜனங்க தடை இருந்தா சொல்லணும்னு ஃபாதர் கேக்குறாரு. இந்தக் கம்பெனிக்காரன் சொல்றான்" என்று மரியஜோசப் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு பாபுவைப் பார்த்து, "வேற கம்பெனில போடு. எவனாச்சும் ஒருத்தன் ஒத்துக்கினா போதும். இல்லன்னா ரெண்டாவது ஓலை படிக்க வேணாம்னு நான் ஃபாதராண்ட சொல்லிட்றேன்" என்றார்.

"அடுத்த கம்பெனிக்காரன் முதல்ல கேக்குறதே இதுக்கு முன்ன எவனாச்சும் வேணான்னு சொன்னானான்னுதான் மாமா. மறைச்சு எழுதணும். அப்பா அண்ணன் விசயத்தையும் மறைக்கணும். பின்னாடி தெரிஞ்சா க்ளைமே வராது. என் ஏஜென்சியும் போயிடும்."

"க்ளைம் வராட்டி போவுது. காசு யாருக்கு வேணும்? ஒருத்தனாச்சும் இவன் வேணும்னு சொல்லட்டும். அது போதும் எனக்கு."

மரியஜோசப்புக்கு ஒரு தங்கை இருந்தாள். கல்யாணமான மூன்றாம் வருடம் கணவனை இழந்து கைக்குழந்தையோடு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். கடைசி வரைக்கும் இந்த வீட்டில்தான் இருந்தாள். அவள் பேரை அவர் சொல்லவில்லை. ஆனால் அவர் எழுந்து உள்ளே போன விதத்தில், அத்தையைத்தான் நினைத்துக்கொண்டு போகிறார் என்று ஜோஸ்லினுக்குத் தெரிந்தது.

மறுநாள் வேலையில் மனசு ஒட்டவில்லை. கார் சீட் செய்யும் கம்பெனியில் அவள் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சீட்டைத் தாங்க வெளியிலிருந்து வரும் இரும்பு பிராக்கெட்டுகளில் ஒரு கூடைக்கு இத்தனை என்று கையில் வந்ததை எடுத்து கேஜ் என்ற அளவுக் கருவியில் வைத்துப் பார்ப்பாள். எடுத்ததில் அளவுக்கு மேல் கோளாறு இருந்தால் வந்த மொத்த லாட்டுக்கும் வேண்டாம் என்று சிவப்பு டேக். சப்ளை செய்யும் சின்னப் பட்டறையிலிருந்து வேல்ராஜ் என்பவர் சரக்கோடு வருவார். ஒவ்வொரு தடவையும், "மேடம், மிச்சம் எல்லாம் நல்ல பீஸு மேடம்" என்று கெஞ்சுவார். "எது நல்ல பீஸுன்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?" என்று அவள் சொல்வாள். சொல்லிவிட்டு டேகைக் கட்டிவிடுவாள். ஒருநாளும் அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை. ஓடுகிற காரில் ஒரு சீட் கழன்றால் உட்கார்ந்திருப்பது ஒரு மனுஷன்.

அன்றும் ஒரு லாட் ரிஜெக்ட் ஆனது. வேல்ராஜ் மேனேஜரிடம் போய்ப் பேசி, ஒவ்வொரு பீஸாகப் பார்த்துப் பிரித்துத் தருகிறேன் என்று அனுமதி வாங்கிவந்தார். பட்டறையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். மதியம் முழுக்க மூன்று பேரும் தரையில் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேஜில் நுழைத்து எடுத்தார்கள். நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம். ஷிப்ட் முடியும்போது நல்ல பக்கத்துக் குவியலுக்கு அவளே பச்சை டேக் கட்டினாள். கட்டும்போது கை நின்றது. டெனிசனையும்தான் தனி ஒருத்தனாக எடுத்துப் பார்த்தாகிவிட்டதே. பெல்ட்டில் ஓடவிட்டு, ஒயர் ஒட்டி, ரத்தம் எடுத்து. பீஸ் நல்ல பீஸ் என்றுதானே வந்தது. அப்புறமும் ஏன் சிவப்பு?

பஸ்ஸில் வரும்போது பாபுவுக்குப் போன் போட்டு அதையே கேட்டாள்.

"உன் பிராக்கெட்டு இன்னிக்கு சரியா இருந்தா அடுத்த வருசமும் அப்படியே இருக்கும் ஜோஸி. மனுசன் அப்படியா? அவன் பாக்குறது அடுத்த வருசத்த. என்னாண்ட பாலிசி போட்டவன்லாம் உங்க கம்பெனி, பக்கத்து கம்பெனி பசங்கதான். அவங்க கட்டுற காசுலதான் அவங்கள்ல ஒருத்தனுக்கு ஆபரேசன் ஆவுது. ஆபத்து கீறவன் எல்லாத்தையும் சேத்துக்கினா அந்தப் பசங்க கட்ட முடியாம வுட்டுட்டு ஓடிடுவானுங்க. அப்புறம் யாருக்குமே இல்ல."

"அப்போ இவரு எங்க போவாரு மாமா?"

"அதுக்கு என்னாண்ட பதில் இல்லம்மா" என்றார் பாபு. குரலில் ஏமாற்று எதுவும் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

மாமனாரின் பிடிவாதத்துக்கு மசிந்து பாபு கடைசியில் வேறொரு கம்பெனியில் விண்ணப்பம் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரகடம் கூட்ரோட்டில் ஜோஸ்லின் டெனிசனைப் பார்த்தாள். மேம்பாலத்துக்குக் கீழே டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தான். புதுக் கார்களை அடுக்கிய ட்ரெய்லர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் மொத்த ரோட்டையும் மறித்துக்கொண்டிருந்தது. ஹாரன் சத்தத்தில் பேசுவதற்கு இருவரும் நெருங்கி நிற்க வேண்டியிருந்தது. மூன்று நாளில் அவன் முகம் ஒடுங்கியிருந்தது. கிளப் பசங்களோடு வாலிபால் ஆடப் போகவில்லை என்றான். டயர் கம்பெனியில் க்ரேன் மேல் ஏறச் சொன்னபோது வேறு ஒருத்தனை அனுப்பினான். சூப்பர்வைசர் ஒரு மாதிரி பார்த்தார்.

"நல்லாத்தான் இருந்தேன் ஜோஸ். அந்த மெசேஜ் வந்ததிலேர்ந்து படுத்தா காதுக்குள்ள சத்தம் கேக்குது. டப் டப்னு. எப்பவும் இருந்த சத்தம்தானே? இப்ப அடுத்தது வருமான்னு காத்துக்கினே படுத்திருக்கேன்."

வீட்டில் பெரியவர்கள் முன் அவனை 'நீங்க' என்பாள். தனியாக இருக்கும்போது 'நீ'. "நாளைக்கு அந்தப் புதுக் கம்பெனி டாக்டர் போன் பண்ணுவாங்க. மாமா சொன்னபடி சொல்லிடு" என்றாள். "அப்பா ஆக்ஸிடென்ட்டுல போனாருன்னு. கூடப் பொறந்தவங்க யாரும் இல்லன்னு. ரெண்டு வார்த்தை. அவ்ளோதான்."

"அப்பாவ சொல்லிடுவேன்" என்றான் அவன். ட்ரெய்லரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா செத்தப்ப நான் ஸ்கூலு. நெஞ்சுவலின்னு மத்தவங்க சொல்லித்தான் தெரியும். அது ஆக்ஸிடென்ட்டுன்னாலும் எனக்கு ஒண்ணுதான்."

"அப்புறம் என்ன?"

வின்சென்ட்டோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன் அவன்தான். ஆம்புலன்ஸ் சந்துக்குள் வராததால் மாடிப்படி வழியே அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவன். அது ஜோஸ்லினுக்கும் தெரியும். தெரிந்தும், "ப்ளீஸ் டெனி. எனக்காக" என்றாள். சொன்னவுடன் நாக்கில் கசந்தது. ஆனால் வார்த்தையை அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ட்ரெய்லர் எப்படியோ வளைந்து நகர்ந்தது. டெனிசன் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் ஜோஸ்லின் வீட்டில் கூடியிருந்தார்கள். ஸ்பீக்கரில் போட்டுத் தன் காதால் கேட்க வேண்டும் என்று மரியஜோசப் சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் டெனிசன் நடுவில், போன் ஸ்டூல் மேல். பாபு எதிரே. சகாயமேரி தரையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஃபேன் சத்தம் இடைஞ்சலாக இருக்கும் என்று நிறுத்தியிருந்ததால் எல்லோருக்கும் வேர்த்தது. போன் வரும் என்று சொன்ன நேரத்தைத் தாண்டியும் வரவில்லை. வராமலே போய்விடக்கூடாதா என்றும், சீக்கிரம் வந்து தொலையக்கூடாதா என்றும் ஜோஸ்லினுக்கு மாறி மாறித் தோன்றியது.

வந்தது. பெண் குரல். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்றார். பேர், வயசு, உயரம், எடை. புகை பிடிப்பீர்களா, குடிப்பீர்களா. டெனிசன் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னான்.

"இதுக்கு முன்னாடி எந்தக் கம்பெனியாவது உங்க அப்ளிகேஷனை ரிஜெக்ட் பண்ணியிருக்காங்களா சார்?"

"இல்ல மேடம்."

பாபு மூச்சு விட்டார்.

"அப்பா இருக்காங்களா சார்?"

"இல்ல."

"எப்படி இறந்தாங்க?"

"ஆக்ஸிடென்ட்." குரல் கொஞ்சம் கம்மியது. ஆனாலும் சொல்லிவிட்டான். மரியஜோசப்பின் கால் பெருவிரல் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது, அது நின்றது.

"சரிங்க சார். உங்ககூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?"

டெனிசன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. பாபு தலையை இடம் வலமாக ஆட்டினார். கையை விரித்துக் காட்டினார். டெனிசன் அவரைப் பார்க்கவில்லை. ஜோஸ்லினைப் பார்த்தான். இல்லைன்னு சொல்லு, சொல்லிடு, என்று அவள் உதடு அசைந்தது. சத்தமில்லாமல் கெஞ்சினாள். பூண்டு உரிக்கும் சத்தமும் நின்றுவிட்டிருந்தது.

"ஹலோ சார்? லைன்ல இருக்கீங்களா? கூடப் பிறந்தவங்க?"

"ஒரு அண்ணன் இருந்தான்" என்றான் டெனிசன்.

பாபு கண்ணை மூடிக்கொண்டார்.

"வின்சென்ட்னு பேரு. என்னை அவன்தான் ஐடிஐ படிக்க வெச்சான். நெஞ்சுவலி வந்து செத்துட்டான் மேடம். அப்பாவும் அப்படித்தான். நான் முன்ன சொன்னது பொய்யி. ஒரு கம்பெனி ரிஜெக்டும் பண்ணிட்டாங்க. எல்லாத்தையும் எழுதிக்கங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் குரல், முன்னைவிட மெதுவாக, "சாரி சார்" என்றது. அது விண்ணப்பத்துக்கா அண்ணனுக்கா என்று தெரியவில்லை. மீதிக் கேள்விகளையும் அவர் கேட்டார். கேட்க வேண்டியிருந்தது. டெனிசன் மீதிப் பதில்களையும் சொன்னான்.

ஜோஸ்லினுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு சின்னச் சொல். இல்லை என்பது. அதைச் சொல்லியிருந்தால் நாளைக்குப் பேர் படித்திருப்பார்கள். என்னைவிடச் செத்துப்போன ஒருத்தன் பெரிதாகிவிட்டானா? டெனிசன் எழுந்து, "மன்னிச்சிடுங்க மாமா" என்று மரியஜோசப்பிடம் சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். வண்டி கிளம்பும் சத்தம் உடனே கேட்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

மரியஜோசப் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். சாவியை எடுத்தார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. சகாயமேரி மட்டும், "ஒரு நாள் பொறுத்துப் போங்களேன்" என்றாள்.

"நாளைக்குப் படிச்சிடுவாரு" என்றார் அவர்.

ஜோஸ்லின் எழுந்தாள். "நானும் வரேன்ப்பா."

அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தாள். சொல்லவில்லை. வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்து போகும்போது கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு எதுவோ ஆகிக்கொண்டிருந்தது. 'ஒரு அண்ணன் இருந்தான்.' அந்தக் குரலில் கெஞ்சல் இல்லை. பயம்கூட இல்லை. இந்த நாலு நாளாக அவனிடம் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று அந்த மூன்று வார்த்தையில் திரும்பி வந்திருந்தது. அப்போதே அவள் அதைக் கேட்டிருந்தாள். கோபத்தில் கவனிக்கவில்லை.

கோயிலில் ஃபாதர் பாவசங்கீர்த்தனக் கூண்டில், வந்தவர்கள் சொல்லும் பாவங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே சிமெண்ட் பெஞ்சில் அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். வெயில் இன்னும் தணியவில்லை. பக்கத்துக் காலி மனையில் கம்பெனிப் பையன்கள் யாரோ துணி துவைத்துக் கயிற்றில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்க அத்தையப் பாத்தவன் நான்" என்றார் மரியஜோசப். "ராத்திரில அவ அழறது இந்தச் சுவரு தாண்டி கேக்கும். நீ அழறதயும் நான் கேக்கணுமா?"

"அத்தை வீட்டு மாமாவுக்கு என்னா வியாதிப்பா?"

"அவருக்கு இன்னா வியாதி? கல்லு மாதிரி ஆளு. ரோடு தாண்டச்சொல்ல லாரில அடிபட்டாரு." சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். தன் வாயிலிருந்து வந்ததை அவரே கேட்டதுபோல இருந்தது. பிறகு பிடிவாதமாக, "அது தெரியாம நடந்தது. இது தெரிஞ்சு நடக்குறதும்மா. தெரிஞ்சே எப்படிக் குடுக்குறது?" என்றார்.

அவர் சொல்வது பொய் இல்லை. கணக்கும் பொய் இல்லை. எந்த லாட்டுக்கும் அவளே இதைத்தான் சொல்லியிருப்பாள்.

"ப்பா" என்றாள். "எனக்கு ஒண்ணு ஆவாதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"ச்சீ. வாயக் கழுவு."

"இல்லப்பா, கேளு. எனக்குத்தான் முன்னாடி ஆவுதுன்னு வெச்சுக்கோ. பிரசவத்துல, ரோட்டுல, எதுலயாவது. அப்புறம் அவருக்கு வேற பொண்ணு பாப்பாங்க. அப்ப எவனாச்சும் கேப்பான், முன்னாடி யாராச்சும் இருந்தாங்களான்னு. அவரு இல்லன்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சிடும்." அப்பா பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "சொல்ல மாட்டாருப்பா. நான் இருந்தேன்னு சொல்லுவாரு. இன்னிக்கு நாம எல்லாரும் சேந்து கெஞ்சியும், நானே கெஞ்சியும், அவரு சொல்லல. நீ பாத்த இல்ல?"

மரியஜோசப் மகளைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் முட்டி மேல் வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்ததுபோல விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார்.

"நீ போய் சொல்லு. நான் தடுக்கல" என்றாள் அவள். "ஆனா அந்தாளு மேல குறைன்னு மட்டும் சொல்லாத. எனக்குப் பயம்னு சொல்லு. அது உண்மை. எனக்கும் பயந்தான்."

கோயில் பக்கக் கதவு திறந்தது. கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்த ஒரு கிழவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினாள். பின்னாலேயே ஃபாதர் வந்தார். வெள்ளை அங்கியின் முதுகுப்பக்கம் வேர்வையில் நனைந்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன மரியஜோசப், கல்யாண வேலையெல்லாம் எப்படிப் போகுது? நாளைக்கு ரெண்டாவது ஓலை, ஞாபகம் இருக்கு. என்ன, ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கீங்க?"

மரியஜோசப் எழுந்து நின்றார். ஜோஸ்லினும் எழுந்தாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார். இத்தனை வருடம் பஸ்ஸில் எத்தனையோ பேரை ஏற்றி இறக்கிய மனுஷனின் முகத்தில், வழி தெரியாத ஊருக்குள் வண்டியை விட்டுவிட்டவனின் திகைப்பு இருந்தது.

"கொஞ்சம் தண்ணி குடுங்க ஃபாதர்" என்றார்.

ஃபாதர் உள்ளே போய் ஒரு எவர்சில்வர் சொம்பு நிறையக் கொண்டுவந்தார். மரியஜோசப் அதை இரண்டு கையாலும் வாங்கி, தலையை அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி ஏறி இறங்கியது. வாயோரம் வழிந்த தண்ணீர் கழுத்து வழியே இறங்கி, சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே ஓடி, நெஞ்சில் திட்டாக நனைந்து விரிந்தது. ஃபாதர் காத்திருந்தார். ஜோஸ்லின் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொம்பு காலியாகியும் அவர் அதை இறக்கவில்லை.